ரெண்டு வயரு மிசினு

மனை விலைக்கு இருக்குதான்னு கேட்டு வந்தவங்க மாதிரித் தெரியலீங்களே அக்கா. மனை பாக்க வர்றவங்க மண்ணைப் பாப்பாங்க, தண்ணி எத்தனை அடியில இருக்குதுன்னு கேப்பாங்க. நீங்க வண்டியை விட்டு எறங்குனதுல இருந்து பக்கத்தூட்டு வாசலையே பாக்கறீங்க. சேலை வேற புதுசு. கிருபாகரனைப் பத்தி விசாரிக்கத்தான வந்தீங்க? அதுக்கு எதுக்குங்க மனை, காடுன்னு சுத்தி வளைக்கோணும்? நானும் ஒரு பொண்ணைப் பெத்தவதான். உள்ள வாங்க, உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. மோர் குடிங்க, பச்சமொளகா போடலை.

நான் ஆருன்னு மொதல்ல சொல்லிப்போடறேன். பேரு சம்பூரணம். அந்தப் பையனுக்குப் பெரியம்மா மொறை. அவங்கப்பன் தங்கமுத்து, என்ற ஊட்டுக்காரருக்குக் கூடப்பொறந்த தம்பி. அவங்கம்மா பரிமளா எனக்கு ஓர்ப்படியா. இது ரெண்டும் ஒரே ஊடுங்க. எங்க மாமனார் தவறுனதுக்கப்புறம் நடுவுல செவுரு வெச்சு ரெண்டாப் பிரிச்சுக்கிட்டோம். ஒத்தைக்கல்லுச் செவுரு. அந்தப் பக்கம் தும்முனா இந்தப் பக்கம் இருந்து நூறுன்னு சொல்லலாம், அப்படி.

ஆனா சொல்லறதில்லைங்க. பேச்சுவார்த்தை இல்லை. எந்திரிக்காதீங்க, எந்திரிக்காதீங்க. பேச்சு இல்லாதவகிட்ட விசாரிச்சு என்ன ஆகப்போகுதுன்னு நெனைக்கறீங்களாக்கு? பேசறவ பூசி மொழுகித்தான் சொல்லுவா. பேசாதவதான் உள்ளதைச் சொல்லுவா. நீங்க சரியான ஊட்டுக்குத்தான் வந்திருக்கறீங்க. நான் இந்த நாளுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்.

எப்படின்னு கேளுங்க. நீங்க இப்ப வந்திருக்கறீங்களே, இதே மாதிரி எம்பொண்ணு ஹேமாவைக் கேட்டும் வந்தாங்க. தாராபுரத்துக்காரங்க. பையன் பல்லு டாக்டரு. சொந்தமா ஆசுபத்திரி, மேல ஊடு, கீழ ஆசுபத்திரி. பொண்ணு பாத்தாங்க, புடிச்சுது, சாதகம் பொருந்துச்சு. உறுதி வார்த்தைக்கு நாள் குறிக்கறது மட்டுந்தான் பாக்கி. என்ற அண்ணன் மண்டபம் பாத்து வெச்சிட்டாரு. அப்பத்தான் அந்தப் பையனோட அத்தைக்காரி உங்களை மாதிரியே வந்து பக்கத்தூட்டுல விசாரிச்சிருக்கறா. இந்தப் பரிமளா என்ன சொன்னா தெரியுங்களா? பொண்ணு நல்ல பொண்ணுதான், ஆனா சின்னதுல இருந்து மூச்சு எளைப்பு இருக்குதுங்க, பனி ஆகாது, புழுதி ஆகாதுன்னு சொல்லிப்போட்டா.

போச்சுங்க. சாதகத்துல ஏதோ தோசம்னு போன்ல சொல்லிட்டாங்க. சாதகம் பாத்துட்டுத்தான வந்தீங்கன்னு கேட்டா போனை வெச்சுட்டாங்க. அப்புறமேட்டு தரகர்தான் வந்து சொன்னாரு, இந்த மாதிரி உங்க பக்கத்தூட்டம்மா சொன்ன ஒரு வார்த்தைதான்னு.

எளைப்பு இருந்துதான்னு கேக்கறீங்களா? இருந்துதுங்க. நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன், எனக்குப் பொய் வராது. சின்னப்புள்ளையில இருந்துது. மார்கழி வந்தா நெஞ்சு கர்ருபுர்ருன்னு இழுக்கும். தோள்ல போட்டுக்கிட்டு ஊட்டுக்குள்ளயே நடந்துக்கிட்டு இருப்பேன். சரி, பரிமளாவும் ஒரு கை மாத்துனா. நான் அசந்தா அவ தூக்கிக்குவா. அதுக்காக? தூக்குன கையிலயே குழி வெட்டுவாங்களா? எப்பவோ நின்னுபோன சீக்கை எடுத்து வந்தவங்க மடியில வெப்பாங்களா?

அன்னைக்கே முடிவு பண்ணீட்டேன். செத்தாலும் அவ மூஞ்சியில முழிக்கறதில்ல. அதோட உட்டாப் போதுமா? எனக்குப் போதாது. என்னால பேசவும் முடியாது, பேசாம இருக்கவும் முடியாது. அவளுக்கு ஏதாவது செய்யோணும். ஒரு நாளைக்கு இல்லை, தெனமும் செய்யோணும். என்ன செய்யறதுன்னுதான் தெரியலை. கோழியை ஏவி விடலாம்னா அவளுக்குச் செடி கொடின்னு ஒண்ணும் கெடையாது. சாக்கடையைத் திருப்பி விடலாம்னா மேடு அவ பக்கம்.

அப்பத்தான் அந்த மிசினு வந்துது.

ஹேமா கம்ப்யூட்டர் படிச்சவ. பெங்களூருல நல்ல வேலையில இருந்தா. அந்தத் தாராபுரம் சம்மந்தம் முறிஞ்ச கையோட வேலையை விட்டுட்டு வந்து, நானே சொந்தமாத் தொழில் பண்றேன்னு உக்காந்துட்டா. திருப்பூர் பனியன் கம்பெனிக்காரங்களுக்கு, துணியைத் தைக்கறதுக்கு முன்னாடியே தைச்சுப் போட்டு ஆளு நடக்கற மாதிரிப் படம் பண்ணிக் காட்டறது. வெளிநாட்டுக்காரன் அதைப் பாத்துட்டு ஆர்டர் குடுப்பானாம். அந்தப் படம் பண்றதுக்குச் சின்ன கம்ப்யூட்டரெல்லாம் பத்தாதுன்னு, எங்கயோ ஒரு கம்பெனி மூடறப்ப ஏலத்துல எடுத்தாந்தா. சர்வருன்னு பேரு. பீரோவைக் குறுக்கால அறுத்தாப்ல இருக்கும். எறக்கறதுக்கே ஆளு வேணும். இது கம்பெனிக்குன்னு செஞ்சதும்மா, ஊட்டுல ஆரும் வெக்க மாட்டாங்க, சத்தம் போடும், சூடு அடிக்கும், கரண்டு குடிக்கும்னு எல்லாத்தையும் ஒளிக்காமச் சொன்னா. எனக்கு அப்ப அதெல்லாம் காதுல ஏறலை.

சுச்சைப் போட்டா பாருங்க. நெல்லு மில்லுக்குள்ள நின்னாப்ல ஆயிப்போச்சு. என்ற ஊட்டுக்காரரு சோத்துல கை வெச்சவரு அப்படியே எந்திரிச்சு, கெணத்து மோட்டாரு எரியுதான்னு ஓடறாரு. அந்தச் சமயத்துல செவுத்துக்கு அந்தப் பக்கம் கைதவறி ஒரு பாத்திரம் உழுந்துது. பரிமளா ஊட்டுல. பயந்துட்டா போல. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு வயித்துல பால் வாத்தாப்ல இருந்துதுங்க.

ஹேமா அதை வடக்கோரத்துல நெல்லு மூட்டை போடற ரூம்லதான் வெச்சிருந்தா. ஆருக்கும் தொந்தரவு இருக்காதுன்னு. நான் விடலை. அங்க எலி வயரைக் கடிச்சுப்போடும், செவுத்தோரத்து ரூம்ல வெய்யி கண்ணுன்னேன். செவுத்தோரம்னா, அந்தப் பக்கம் பரிமளா படுக்கற கட்டில் இருக்கற எடம். எனக்குத் தெரியாதா? நாந்தானே அந்த ரூமை அவ கல்யாணமாகி வந்தப்பக் கூட்டி மொழுகிக் குடுத்தவ.

“அம்மா, சித்தியூட்டுக்குக் கேக்கும்” அப்படின்னா.

“கேக்கட்டும் சாமி. அதுக்குத்தான காது” அப்படின்னேன்.

 அப்பவே ஆளை வெச்சு மாத்தி வெச்சுட்டா. அந்தப் புள்ளை எப்பவுமே அப்படித்தான். எதுத்துப் பேசாது.

அதுக்கப்புறம் தெனமும் எனக்கு நோம்பிதாங்க. பகலு ராத்திரி கெடையாது, ஓடிக்கிட்டே இருக்கும். எனக்கும் தூக்கம் போச்சு, இல்லைன்னு சொல்லலை. தலை கிண்ணுன்னு இருக்கும். என்ற ஊட்டுக்காரரு ஒரு வாரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தாரு, அப்புறம் தோட்டத்துச் சாளைக்குப் போயிட்டாரு படுக்கறதுக்கு. இப்பவும் அங்கதான். சோத்துக்கு மட்டும் வருவாரு. போகட்டும். அவருக்கும் அவரு தம்பிக்கும் தோட்டத்துல பேச்சு இருக்குது, எனக்குத் தெரியாதுன்னு நெனைப்பு. கரண்டு பில்லு வந்துது. எவ்வளவுன்னு சொன்னா மோரைக் கீழ வெச்சிருவீங்க. ஹேமாதான் கட்டுனா, ஆனா பில்லைக் கையில வாங்கிப் பாத்தது நானில்ல? இதென்ன ஊடா, ஐஸ் பேக்டரியான்னு இவரு கேட்டாரு. பழி வாங்கறதுன்னா சும்மா வருமாங்க? கோயிலுக்குக் கெடா வெட்டறதுன்னாலும் கெடாவை வாங்கித்தான ஆகோணும்.

ஆனா அவகிட்ட இருந்து ஒரு வார்த்தை வரோணுமே. வரலை. நான் எதிர்பாத்துக்கிட்டே இருந்தேன், இன்னைக்கு வருவா, நாளைக்கு வருவா, வாசல்ல நின்னு ‘அக்கா, என்னங்க இது’ன்னு கேப்பான்னு. கேட்டா என்ன சொல்லோணும்னு கூட வெச்சிருந்தேன். மூச்சு எளைப்பு இருக்கற புள்ளை, மிசினு வெச்சுத்தான பொழைக்கோணும்னு சொல்லோணும். கரண்டு ஆபீசுக்கு ஒரு மனு போடுவா, ஊட்டு லைன்ல கம்பெனி மிசினு ஓட்டறாங்கன்னு, அதுக்கும் தயாராத்தான் இருந்தேன். ஒண்ணும் பண்ணலை. அழுத்தக்காரிங்க. அவ அழுத்தத்தைப் பத்தி ஒண்ணு சொல்லறேன், நீங்களே பாருங்க.

அந்த மிசினு பொறத்தால அனல் அடிக்கும். எரியற அடுப்புக்கு முன்னால நின்னாப்ல. அதை வெளிய தள்ளறதுக்கு ஒரு தகரக் கொழாய் வெக்கோணும்னா ஹேமா. தகரக்காரனைக் கூட்டியாந்து நான்தான் நிக்க வெச்சு வேலை வாங்குனேன். கொழாய் மூஞ்சி எங்க பாக்கோணும்னு எனக்குத்தான் தெரியும். அவ துணி தொவைக்கற கல்லு பக்கம் திருப்பி வெச்சேன். ஐப்பசி மழையில ஊரே நசநசன்னு கெடக்குது. எட்டிப் பாக்கறேன், கொழாய்க்கு நேரா அந்தக் கல்லு மேல மொறத்துல மோர்மொளகாய் காய வெச்சிருக்கறா. மொறுமொறுன்னு காஞ்சு கெடக்குது. நான் அவளைச் சுடறதுக்கு வெச்ச காத்துல அவ மொளகாய் காயப் போடறாளுங்க. என்னால எப்படித் தாங்க முடியும்? அதுல ஒரு டப்பா எங்கூட்டுக்கும் வந்துது, ஹேமா கையில. எங்க வாங்குனேன்னு கேட்டா கடையிலன்னா. நல்லாத்தான் இருந்துது, இப்ப மோருக்கு நீங்க கடிச்சுக்கறீங்களே, அது அந்தப் பக்குவந்தான்.

அப்புறந்தான் எனக்கு வேற ஒரு வழி கெடைச்சுது. ஒரு நாள் மத்தியானம் நெசமாவே கரண்டு போயி வந்துது. கரண்டு வந்ததும் மிசினு கெளம்புச்சு பாருங்க, சும்மா ஓடறப்ப இருக்கற சத்தத்துக்கு நாலு பங்கு. உள்ள இருக்கற பேனெல்லாம் ஒரே மூச்சாச் சுத்தி, அப்புறந்தான் அடங்கும். அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சுன்னுது. எந்திரிச்சு உக்காந்துட்டா. பரிமளாவுக்கு ரத்தக்கொதிப்பு, மத்தியானம் மாத்திரை போட்டாத் தூங்கோணும். எனக்குத் தெரியாதா அவ பழக்கம்?

அதைப் புடிச்சுக்கிட்டேன். ஹேமா சாம்பிள் துணி எடுத்துக்கிட்டுத் திருப்பூர் போயிருவா. மத்தியானம் சாப்புட்டு, ஏனம் கழுவி வெச்சுட்டு, அந்தப் பக்கம் கட்டில் சத்தம் கேக்கறதுக்காகக் காத்திருப்பேன். படுத்துட்டாளா? நல்லா அசரட்டும். அப்புறம் போயிச் சுச்சை அமத்துவேன். சித்த நேரம் விட்டு மறுபடி போடுவேன். உர்ர்ருன்னு கெளம்பும். கட்டில் கிறீச்சுங்கும். நான் வந்து இந்த நாற்காலியில உக்காந்துக்குவேன். ஹேமா போன் பண்ணுவா, அம்மா கரண்டு போச்சான்னு. அவளுக்கு அங்க இருந்தே தெரிஞ்சுரும் போல. போச்சு கண்ணு, இப்பத்தான் வந்துதுன்னு சொல்லுவேன். நாளு தவறாம எப்படிம்மா போகும்பா. எனக்கென்னம்மா தெரியும், கரண்டு ஆபீஸ்காரனைத்தான் கேக்கோணும்பேன். பாவம், அவங்க மேல ஒரு தப்பும் இல்லை.

அது நின்னு நின்னு ஓடுனா எம்பொண்ணு வேலை கெடும்னு நீங்க நெனைக்கறது மூஞ்சியிலயே தெரியுது. எனக்குத் தெரியாதுங்களே. டிவி மாதிரி, விட்ட எடத்துல இருந்து ஓடும்னு நெனைச்சேன். ஒரு படம் பண்ண ஒரு நாள் முழுக்க ஓடோணும், நடுவுல நின்னா மறுபடி மொதல்ல இருந்துன்னு அவ என்கிட்டச் சொல்லியிருந்தாத்தான தெரியும். சொன்னாளா? சொல்லியிருக்கலாம். சத்தத்துல காதுல விழாம இருந்திருக்கும். மொகம் வாடித்தான் இருந்துது கொஞ்ச நாளு. தாராபுரத்து நெனைப்புல வாடுதுன்னு நான் இன்னும் ஆங்காரமா அமத்துனேன்.

ஒரு நாளுங்க, வழக்கம் போலப் போயிச் சுச்சை அமத்துனேன். நிக்கலை.

மறுபடி போட்டு அமத்துனேன். நிக்கலை. பிளக்கைப் புடுங்கிப்போட்டேன். வயரு என்ற கையில இருக்குது, மிசினு அதும்பாட்டுக்கு ஓடுது.  கருப்பண்ணசாமி பேரைச் சொல்லிக்கிட்டுப் பொறத்தால எட்டிப் பாக்கறேன். அந்த மிசினுக்கு ரெண்டு வயரு சொருகற எடம் இருக்குதுங்க. நாமெல்லாம் ஒரு மிசினுக்கு ஒரு வயருதான் பாத்திருக்கறோம். கம்பெனி மிசினில்ல, ஒரு பக்கம் கரண்டு போனா இன்னொரு பக்கத்துல இருந்து எடுத்துக்கும். இத்தனை நாளும் ரெண்டாவது சும்மாத்தான் கெடந்துது. இப்பப் பாத்தா அதுல ஒரு கறுப்பு வயரு. புடிச்சுக்கிட்டே போறேன். பீரோவுக்குப் பொறத்தால போயி, செவுத்துக்குள்ள போகுது. அளவா ஓட்டை போட்டு, வயரைச் சுத்திச் சிமெண்டு பூசி, சுண்ணாம்பு கூட அடிச்சிருக்குது.

அவ ஊட்டுக் கரண்டுங்க. எவ தூங்கக் கூடாதுன்னு நான் ஓட்டுனனோ, அவ ஊட்டுக் கரண்டுலதான் ஓடிக்கிட்டு இருந்திருக்குது.

ஓட்டை போட்டது ஆருன்னு நெனைக்கறீங்க? நீங்க மாப்பிள்ளையாக்கப் பாக்கறீங்களே, அந்தக் கிருபாகரன்தான். பனியன் மிசினுக்கு இஞ்சினியரு, இந்த வேலையெல்லாம் அத்துப்படி. பெரியம்மா ஊடாச்சேன்னு ஒரு வார்த்தை கேட்டானா? நான் கோயிலுக்குப் போன நேரம் பாத்து வந்து, ஓட்டை போட்டு, கூட்டித் தொடைச்சு, பீரோவை இருந்த எடத்துலயே வெச்சுட்டுப் போயிருக்கறான். ஒரு துளி மண்ணு சிந்தலை. அதுலயே தெரியலையா அவன் எப்பேர்ப்பட்ட களவாணின்னு?

நான் பீரோவை இழுத்த சத்தம் அந்தப் பக்கம் கேட்டிருக்குது. அன்னைக்குத்தான் அவ வாயைத் தொறந்தா. அத்தனை நாளைக்கப்புறம், அந்த ஓட்டைக்கு அந்தப் பக்கம் இருந்து.

“அக்கா, புடுங்கீராதீங்க. புள்ளை இப்ப திருப்பூர்ல வெளிநாட்டுக்காரங்களுக்குக் காட்டிக்கிட்டு இருக்கறாளுங்க.”

எனக்கு வந்துது பாருங்க. என்ற பொண்ணு எந்த நேரத்துக்கு எங்க இருக்கறா, என்ன செய்யறான்னு செவுத்துக்கு அந்தப் பக்கம் இருந்து அவ எனக்குச் சொல்லறா. பெத்தவளுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிஞ்சிருக்குது. அவ அந்த வார்த்தை சொல்லாம இருந்திருந்தா நான் ஒருவேளை விட்டிருப்பனோ என்னமோ. ஒரே இழுப்பு. வயரு கையோட வந்துது. ஊடு அமைதியாப் போச்சு. அத்தனை அமைதியை நான் இந்த ஊட்டுல கேட்டு ரொம்ப நாள் ஆயிருந்துது. அந்தப் பக்கம் அவ அழுதாளா, சும்மா நின்னாளா தெரியலை. நான் காதை வெச்சுக் கேக்கலை.

பொழுதோட ஹேமா வந்தா. நம்மூட்டு மிசினுல இருந்து இண்டர்நெட்டு வழியா அங்க படம் ஓடிக்கிட்டு இருக்கறப்ப நின்னுபோச்சாம், வந்தவங்க எந்திரிச்சுப் போயிட்டாங்களாம். அந்த வருசத்துக்கே அந்த ஒரு ஆர்டரைத்தான் நம்பியிருந்தாளாம். தோள் பையைக் கூடக் கழட்டலை. நீங்க உக்காந்திருக்கற எடத்துலதான் உக்காந்தா. கத்துவா, அழுவான்னு பாத்தேன். அதெல்லாம் இல்லை.

“தாராபுரத்துக்காரங்ககிட்ட அப்படிச் சொல்லச் சொன்னது நான்தாம்மா. சித்தி மாட்டேன்னுதான் சொன்னாங்க. அழுது அழுது நான்தான் சொல்ல வெச்சேன்.”

ஏன் கண்ணு அப்படின்னேன்.

“உன்கிட்ட ரெண்டு தடவை வேண்டாம்னு சொன்னேன். நீ மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுக்கச் சொல்லி மாமனுக்குப் போன் பண்ணிக்கிட்டு இருந்தே.”

நீங்களே சொல்லுங்கக்கா. கல்யாணம் வேண்டாம்னு எந்தப் பொண்ணுதான் சொல்லலை? நான் சொல்லலையா? எங்கப்பன் காலைப் புடிச்சுக்கிட்டு, படிக்கறேன்னு அழுதவதான் நானு. கட்டி வெச்சாங்க. இருக்கலையா? சோறாக்கலையா? புள்ளை பெக்கலையா? பொண்ணுங்க வேண்டாம்னு சொன்னா அதுக்கு வெக்கம்னு அர்த்தம். அதைப் போயி நெசம்னு எடுத்துக்கறதுக்கு ஒருத்தி இருந்தா அவளைச் சித்தின்னு சொல்லறதா, குடி கெடுக்கறவன்னு சொல்லறதா?

எனக்குத் தெரியுங்க, அதெல்லாம் இவ சொல்லிக் குடுத்த பேச்சு. பழியை உன்மேல போட்டுக்கன்னு புள்ளைக்குச் சொல்லிக் குடுத்திருக்கறா. எம்பொண்ணு என்கிட்டச் சொல்லாதது எதையும் அவகிட்டச் சொல்லியிருக்காது. ஒரே வவுத்துல பொறந்தவங்க பொண்டாட்டிங்க நாங்க, எனக்கு அவளைத் தெரியாதா?

அந்தச் சுச்சு சமாசாரமும் ஹேமாவுக்கு முன்னயே தெரிஞ்சிருக்குதுங்க. நம்மூட்டுல கரண்டு போறப்பெல்லாம் சித்திக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்கறா, அங்க போச்சான்னு. போகலை, போகலை, போகலை. அப்பவே புரிஞ்சுக்கிட்டா. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. ஏம்மா இப்படிப் பண்றேன்னு கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன், உனக்காகத்தான் சாமின்னு. கேக்காம ரெண்டாவது வயரை இழுத்துக்கிட்டா. அதைத்தான் என்னால இன்னும் செரிக்க முடியலை. பெத்தவகிட்டச் சண்டை போடறதுக்குப் பதிலா, பக்கத்தூட்டுல இருந்து ஒரு வயரு.

அடுத்த நாளு காலையில கிருபாகரன் ஒரு தள்ளுவண்டியோட வந்தான். பெரியம்மான்னு தலையைக் குனிஞ்சு நின்னான். நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். மிசினைத் தூக்கி வெச்சு அந்தூட்டுக்குத் தள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. ஹேமா அவ துணி மணியெல்லாம் ஒரு பையில போட்டுக்கிட்டா. மிசினு இருக்கற எடத்துல நானும் இருந்தாத்தாம்மா வேலை ஆகும், அப்பப்ப வர்றேன்னா. தகரக் கொழாய் மட்டும் எங்கூட்டுலயே கெடக்குது.

இப்பச் சத்தம் கேக்குதுங்களா உங்களுக்கு? கேக்காது. நல்லாக் காதைக் குடுத்தாத்தான் கேக்கும். ஏன்னா செவுத்துல முட்டை அட்டையெல்லாம் ஒட்டி, அது மேல மெத்தை கட்டி வெச்சிருக்கறாங்களாம், அக்காவுக்குத் தொந்தரவு ஆகக் கூடாதுன்னு பரிமளா சொல்லி. ஆரு கேட்டது? ஆரு கேட்டதுன்னு கேக்கறேன். நான் எத்தனை சத்தம் குடுத்தேன், அவ எனக்கு ஒரு சத்தம் திருப்பிக் குடுக்க மாட்டாளா? ஓடுதா நின்னுதான்னு தெரிஞ்சுக்கறதுக்கு நான் செவுத்துல காதை வெச்சுக்கிட்டு நிக்க வேண்டியிருக்குது. ஓடுனா ஹேமா உள்ள இருக்கறான்னு அர்த்தம். அதுக்குத்தான் பாக்கறது, வேற ஒண்ணுமில்லை.

அந்த வெளிநாட்டுக்காரங்களும் அப்புறம் திரும்பி வந்தாங்களாம். தங்கமுத்து அவரு அண்ணன்கிட்டத் தோட்டத்துல சொல்லி, அவரு சோத்துக்கு வந்தப்ப என்கிட்டச் சொன்னாரு. இப்பிடித்தான் வருது எனக்கு, எம்பொண்ணு சேதி.

சரி, நீங்க வந்த சோலிக்கு வர்றேன். பையன் குடிப்பானான்னா, குடிக்க மாட்டான். பொம்பளைச் சகவாசம், சீட்டாட்டம், ஒண்ணும் கெடையாது. நான் பொய் சொல்ல மாட்டேன்னு சொன்னேனில்ல. பெத்தவ கூட அவனை ஏசி இந்தச் செவுத்து வழியா நான் கேட்டதில்லை. ஆனா ஊட்டை நல்லாப் பாத்துக்கங்க. அடுத்தவ பெத்த பொண்ணுக்காகச் சொந்த ஓர்ப்படியாளைப் பகைச்சுக்கற ஊடு அது. நான் சொன்னதெல்லாம் மனசுல வெச்சுக்கங்க. பரிமளா வாயைத் தொறக்காம இருந்தே ஆளைச் சாச்சுப்போடுவா.

என்னுங்க, எந்திரிச்சுட்டீங்க? மோர் பாதி அப்படியே இருக்குது. நேரா அங்கதான் போறீங்களா? நான் இத்தனை சொன்னதுக்கப்புறமா? மொகத்துல என்ன அத்தனை சந்தோசம்னுதான் எனக்கு வெளங்கலை.

போங்க. போயிப் பாருங்க. கதவைத் தட்டுனா தொறக்கறது என்ற பொண்ணாத்தான் இருக்கும். ஒசரமா, கொஞ்சம் ஒல்லியா. முன்னைக்கு இப்ப எளைச்சிருக்கறாளான்னு பாத்துக்கங்க. சித்தி எப்படின்னு அவகிட்டக் கேட்டா, தங்கம்னுதான் சொல்லுவா. கேட்டுக்கிட்டுத் தலையாட்டீராதீங்க. நானும் பெத்தவ, நீங்களும் பெத்தவ, உங்க நல்லதுக்குத்தான் சொல்லறேன். அந்தூட்டுக்குப் பொண்ணு குடுத்தீங்கன்னா அந்தப் பொண்ணு அப்புறம் உங்களுக்கில்லைங்க. ஆடி நோம்பிக்கு அழைச்சாலும் வராது, தாயிக்கு மேலுக்குச் சொகமில்லைன்னு சொல்லி விட்டாலும் வராது. அங்கயே ஒட்டிக்கும். என்ற பொண்ணைப் பாத்தாவது நம்புங்க. அவளுக்கு நடக்கற தூரம் கூட இல்லைங்க அக்கா, ஒரு செவுருதான். இன்னும் வரலை.